காலையில் காலியாகும் சட்டி

நட்டின் அடியில் ஒரு சொட்டு திரள்கிறது, கடுகளவு, பிறகு மிளகளவு, கனத்துத் தொங்குகிறது, நடுங்குகிறது, விழமாட்டேன் என்கிறது, நான் பாவாடையைச் செருகிக்கொண்டு கடப்பைக்கல் மேடைக்கு அடியில் குந்தியிருக்கிறேன், எனக்கு ஒன்பது வயது, இல்லை, முப்பத்தொன்று, இது சாத்தூர் வீடு இல்லை, நான் வாங்கிய வீடு, கையில் இருப்பது புது வேஸ்ட் பைப், தலைக்கு மேலே இருக்கும் ஸிங்க்கில் இன்னும் தண்ணீரே விடவில்லை, பிறகு எந்தச் சொட்டு, அம்மா டார்ச்சைப் பிடித்தபடி பக்கத்தில் நிற்கிறாள், ஒரு பிளம்பரக் கூப்புட்டா கொறஞ்சா போயிருவ, அப்படியே உங்கப்பா, என்கிறாள்.

அப்பாவும் கூப்பிடவில்லை, அவர் தபால் ஆபீஸில் முத்திரை குத்துகிறவர், இடது கைக்காரர், உட்கார்ந்து பாத்திரம் துலக்கி அம்மாவுக்கு முட்டி வீங்கியபோது ஒரு ஞாயிற்றுக்கிழமை தானே ஸிங்க் வைத்தார், பைப்பின் மரையில் வெள்ளை டேப்பை இடது கையால் சுற்றிச் சுற்றி நட்டை முடுக்கினார், அம்மாவின் அண்ணன், எங்கள் பெரிய மாமா, அடுக்களை நிலையில் சாய்ந்துகொண்டு, மாப்பிள்ளைக்குத் தபாலப் பத்தித் தெரியும், தண்ணியப் பத்தித் தெரியுமா, கனி, எதுக்கும் ஒரு பரிசல் வாங்கி வையி, என்று தங்கையைப் பார்த்துச் சிரித்தார், அம்மா முதல் பாத்திரத்தைக் கழுவினாள், சொட்டு திரண்டது, நான் பார்த்தேன், அம்மாவும் பார்த்தாள், மேடைக்குக் கீழே கட்டியிருந்த பழைய சேலைத் திரையை இழுத்துவிட்டு நிமிர்ந்தாள், ஒரு பொட்டு ஒழுகலண்ணே, என்றாள், அப்பா அவளைப் பார்த்தார், தபால்தலையில் முத்திரை பிசிறில்லாமல் விழுந்தால் பார்ப்பாரே, அப்படி.

அன்றிலிருந்து திரைக்குப் பின்னால் ஓர் அலுமினியச் சட்டி, பகல் தண்ணீரை அப்பா ஆபீஸ் போனபின் அம்மா ஊற்றிவிடுவாள், ராத்திரிப் பாத்திரம் கழுவிய தண்ணீர் சட்டியிலேயே கிடக்கும், விடியப்போகிறது, நான் பாயில் படுத்தபடி பார்க்கிறேன், அப்பா சத்தமில்லாமல் வந்து சட்டியை எடுத்துப் புறவாசலில் ஊற்றி, துண்டால் துடைத்து, இருந்த இடத்திலேயே வைக்கிறார், என் கண் திறந்திருப்பதைப் பார்த்துவிடுகிறார், அம்மாட்ட சொல்லாத கண்ணு, உங்க மாமன் முன்னாடி என்னய விட்டுக்குடுக்காம நின்னவ, எனக்குத் தெரியும்னு தெரிஞ்சா சங்கடப்படுவா, என்கிறார், சரி பண்ணிருங்களேம்ப்பா, என்கிறேன், மூணு தடவ டேப்பப் பிரிச்சுப் புதுசாச் சுத்திட்டேன், கேக்க மாட்டேங்குதே.

மரை திரும்புகிற பக்கமே டேப்பும் சுற்ற வேண்டும், எதிர்ப்பக்கம் சுற்றினால் நட்டை முடுக்க முடுக்க அது பிரிந்து சுருண்டுவிடும், இதைக் கல்லூரிப் பரிசோதனைக்கூடத்தில் ஒரு குழாயைப் பொருத்தும்போது தெரிந்துகொண்டேன், ஊருக்குப் போனதும் அப்பாவிடம் சொல்ல நினைத்தேன், சொன்னால் ஒழுகல் நின்றுவிடும், ஏன் நின்றது என்று அம்மா யோசிப்பாள், சொல்லவில்லை, இவ்வளவு வருடமும் இரண்டு பேரின் ரகசியத்தையும் நான் ஒருத்தியே வைத்திருந்தேன், நானும் இடது கைக்காரிதான், இப்போதும் கை தானாக அப்பாவின் பக்கமே போகிறது, இரண்டு சுற்றுக்குப் பிறகு பிரித்து, மாற்றிச் சுற்றுகிறேன்.

அந்த ஸிங்க் ஒழுகுறது உங்கப்பாவுக்குக் கடைசி வரைக்கும் தெரியாது, என்கிறாள் அம்மா, அப்பா போய்ப் பத்து மாதம், இந்தப் பெருமை ஒன்றுதான் அவள் தானாக எடுத்துப் பேசுவது, ஒத்தச் சொட்டு அவரு கண்ணுல படவிடலயே, ஆனா ஒரு பெருச்சாளி இருந்துச்சுடி, ராத்திரி சட்டித் தண்ணியச் சுத்தமாக் குடிச்சிட்டுப் போயிரும், ஒருநா கருவாட்ட மாட்டிப் பொறி வச்சேன், காலைல பாத்தா பொறி அடிச்சிருக்கு, பெருச்சாளியக் காணோம்.

அன்று விடியலில் அப்பா துண்டைக் கடித்துக்கொண்டு சுவரில் சாய்ந்து நிற்கிறார், இடது கை ஆள்காட்டி விரல் நீலம் பாரித்திருக்கிறது, வலது கையால் பொறியைப் பழைய இடத்தில் வைக்கிறார், சட்டியையும் வைக்கிறார், சாயங்காலம் வந்து, ஆபீஸில் முத்திரைக் கட்டை விரலில் விழுந்துவிட்டது என்கிறார், இப்போது அம்மாவிடம் சொல்லலாமா, சொன்னால் அவளிடம் இருக்கிற அந்த ஒன்றும் போய்விடுமா, நட்டைக் கடைசிச் சுற்று முடுக்குகிறேன், அது பெருச்சாளி இல்லம்மா, அப்பா.

டார்ச் வெளிச்சம் சுவரில் அலைகிறது, எந்தப் பெருச்சாளியும் குடிக்கலம்மா, அப்பாதான் தெனமும் ஊத்திட்டு வைப்பாரு, அவருக்கு மொதல்லேர்ந்தே தெரியும், என்கிறேன், அப்ப அந்த வெரலு, என்கிறாள் அம்மா, மஞ்சப் பத்துப் போட்டேனே, நான் வச்ச பொறிதானா, ஆமாம்மா, என்கிறேன், கத்தக்கூட இல்லையே அந்த மனுசன், என்று சிரிக்கத் தொடங்குகிறாள், சிரித்துக்கொண்டே தரையில் உட்காருகிறாள், முந்தானையால் முகத்தை மூடுகிறாள், சிரிப்பு நின்ற பிறகும் முந்தானை இறங்கவில்லை.

குழாயைத் திறக்கிறேன், ஸிங்க் நிறைந்து வடிகிறது, நட்டைத் தடவிப் பார்க்கிறேன், காய்ந்திருக்கிறது, ஒழுகலம்மா, என்கிறேன், தெரியுது, என்கிறாள், எழுந்து போய் ஊரிலிருந்து கொண்டுவந்த சாக்கைப் பிரித்து அந்த அலுமினியச் சட்டியை எடுக்கிறாள், புது ஸிங்க்கில் அலம்புகிறாள், குனிந்து நட்டுக்கு நேர் கீழே வைக்கிறாள், அவளுடைய ஈர விரல் நுனியில் ஒரு சொட்டு திரள்கிறது, கடுகளவு, மிளகளவு, நடுங்கி, சட்டியில் விழுகிறது, ஊற்றிவிடலாம் என்று கை நீட்டுகிறேன், இருக்கட்டும், காலைல பாப்போம், என்கிறாள் அம்மா.