இரண்டு காடுகளுக்கு நடுவே ஒரு தூளி

1

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். நான் எழுத உட்கார்ந்தது ஒரு போர்க்கதை. சக்கரமும் எழுத்தும் இல்லாத காலம், வானத்தில் இரண்டு நிலா, ஈட்டியும் கவணுமாக இரண்டு நாடோடிக் கூட்டங்கள். முதல் பக்கத்திலேயே பத்துத் தலையாவது உருள வேண்டும் என்று திட்டம். முதல் வரியும் கம்பீரமாகத்தான் கிளம்பியது:

ஆற்றின் அக்கரையில் செம்பட்டைக்காட்டார் ஈட்டிகளை உயர்த்தியபோது, இமோரா தன் தூளியில்

அங்கேதான் சறுக்கினேன். அந்தப் பெண்ணைப் படுக்க வைக்க ஒரு தூளி வேண்டியிருந்தது, கட்டிவிட்டேன். எந்த மரத்துக்கும் எந்த மரத்துக்கும் நடுவே என்று பார்க்கவில்லை. அந்த உலகத்தில் அதைப் பார்க்காமல் பல் முளைக்காத குழந்தைகூடக் கயிற்றைத் தொடாது. அங்கே மரங்கள் நடக்கும்.

போர் அத்தோடு நின்றுபோனது. ஈட்டியைத் தூக்கியவர்கள் எல்லாம் கீழே போட்டுவிட்டுத் தூளியை வேடிக்கை பார்க்க வந்துவிட்டார்கள்.

2

மழை பிடித்ததும் மரங்கள் ஒவ்வொரு வேராக எடுத்து வைத்துத் தண்ணீரைத் தேடிக் கிளம்பும். ஒரு முயலைச் சுட்டுத் தின்று முடிப்பதற்குள் ஓர் எட்டு வைத்திருக்கும், அவ்வளவு நிதானம். சனங்கள் பானை சட்டிகளைக் கிளைகளில் மாட்டிவிட்டுப் பின்னாலேயே போவார்கள். நானும் இந்தக் கதைக்குள் குடியேறி ரொம்பக் காலமாகிவிட்டதால், நடக்கிற மரத்தில் சாய்ந்து தூங்கப் பழகிவிட்டேன். முதுகு தேயும், அவ்வளவுதான்.

கறுப்பிலைக்காடும் செம்பட்டைக்காடும் ஆற்றுத்துறையில் சந்திக்கும். மரங்கள் நீர் குடித்து முடிக்கும்வரை இரண்டு கூட்டத்துக்கும் கொண்டாட்டம். பிறகு ஒன்று வடக்கே, மற்றது தெற்கே. அடுத்த சந்திப்பின்போது, இன்று பால் குடிக்கிற பிள்ளைக்கு மீசை அரும்பியிருக்கும்.

கறுப்பிலைக்காட்டு இமோராவின் அக்கா பெலூ, போன சந்திப்பில் செம்பட்டைக்காட்டுக்கு வாழ்க்கைப்பட்டுப் போனவள். இப்போதுதான் இருவரும் மறுபடி பார்த்துக்கொள்கிறார்கள். [இந்த வாக்கியத்தை எழுதியபோது கதை எதைப் பற்றியது என்று எனக்கே தெரியாது. தெரிந்ததுபோல் படியுங்கள்.]

மரங்கள் குடித்து முடித்துவிட்டன. ஆனால் எதுவும் நகரவில்லை. கறுப்பிலை மரம் ஒன்றுக்கும் செம்பட்டை மரம் ஒன்றுக்கும் நடுவே இமோராவின் தூளி. அந்த இரண்டு மரமும் கிளம்ப முடியாது; ஒரு மரத்தை விட்டுவிட்டுக் காடு கிளம்பாது.

அவிழ்த்துவிட்டால் போயிற்று என்பீர்கள். கட்டிய கைதான் அவிழ்க்க வேண்டும். வேறு கை முடிச்சைத் தொட்டால், அந்தக் கைக்காரருக்கு அப்புறம் எந்த மரமும் நிழல் தராது. வெயிலில் அவர் பக்கம் கிளையை இழுத்துக்கொள்ளும். சரி, கயிற்றை அறுத்தால் என்ன என்று கேட்டேன். முயலைத் தோலோடு தின்றவனைப் பார்ப்பதுபோல் கூட்டமே என்னைப் பார்த்தது.

3

கறுப்பிலைக்காட்டுத் தலைவர் யோர்மு. கோபக்காரர்தான், ஆனால் கெஞ்சவும் தெரியும்.

"ஏம்மா இமோரா, உனக்கே நல்லா இருக்கா? நின்ன எடத்துலயே நின்னு இலையெல்லாம் உதிருது பாரு. அவுத்து விட்டுரும்மா."

"அவுக்கிறேன் மாமா. கொஞ்சம் தூங்கி எந்திரிச்சுக்கிறேன்."

"காலைலயும் இதையேதான சொன்னே!"

"காலைல தூக்கமே வரல மாமா. ஒரே சத்தம்."

சத்தம் பெலூவுடையது. எல்லோரையும்விட அவள்தான் உரக்கத் திட்டினாள். "அடியே சோம்பேறி! உன்னால என் புள்ளைங்க வெயில்ல வாடுது. அந்தக் கயித்தை அவுருடி!"

"உன் புள்ளைங்க வாடறது வெயில்ல இல்ல, நீ வைக்கிற நத்தைக் குழம்புல!"

"என் குழம்புக்கு என்னடி குறைச்சல்? இவரைக் கேளு!"

இவர் என்பது பெலூவின் புருசன் குட்டோ. "ஆத்தா, உங்க சண்டைல என்னை இழுக்காதீங்க" என்று ஆற்றுப் பக்கம் நழுவினான். நல்ல மனுசன்.

நான் என் வேலையைப் பார்த்தேன்:

இமோரா கண்ணீர் மல்க எழுந்து, முடிச்சை அவிழ்த்

அவள் குப்புறப் புரண்டு படுத்துக்கொண்டாள். வாக்கியத்தை என்ன செய்ய? அப்படியே கிடக்கட்டும்.

மறுபடியும் 3

இந்தப் பெண் சுயநலக்காரியா? எனக்கே சந்தேகம் வந்துவிட்டது. இலை கொட்டுகிறது, ஆற்றில் மீன் தீர்கிறது, இவள் காலாட்டிக்கொண்டு படுத்திருக்கிறாள். இப்படிப்பட்டவளை வாசகருக்குப் பிடிக்குமா? ஒரு வழி செய்வோம் என்று கல்யாணம் ஒன்று ஏற்பாடு செய்தேன். மணமகள் புருசனுடைய காட்டுக்குப் போவதுதானே வழக்கம்? செம்பட்டைக்காட்டில் ரெவ்வோ என்று ஒரு வாலிபனை உண்டாக்கி, தோள் அகலம் எல்லாம் தாராளமாகக் கொடுத்தேன். அக்கா தங்கை ஒரே காட்டில், கதை சுபம்.

"நல்ல பையன்டி. மீன் பிடிக்கிறதுல கெட்டிக்காரன்" என்றாள் பெலூ.

"அப்ப மீனையே கட்டிக்கச் சொல்லு."

"ஏன்டி, என்கூட வர்றது உனக்குக் கசக்குதா?"

இமோரா தன் கறுப்பிலை மரத்தின் வேரைப் பார்த்தாள். செத்துப்போன அவர்களுடைய அம்மாவை அந்த வேருக்குள்தான் வைத்திருக்கிறது. மரம் நடக்கும்போது அம்மாவும் நடக்கிறாள். கூடப் போக ஒரு மகளாவது வேண்டும். பெலூவும் அந்த வேரைத்தான் பார்த்தாள். புருசனையும் பிள்ளைகளையும் விட்டு அவளாலும் வர முடியாது.

விருந்து வரைக்கும் எழுதி வைத்திருந்தேன். ரெவ்வோவுக்கு என்ன பதில் சொல்வது என்றுதான் தெரியவில்லை. பாவம், அவன் குளித்துவிட்டு வந்து நின்றான்.

4

உச்சி வெயிலில் எல்லோரும் ஆற்றுக்குப் போனபோது, பெலூ சுற்றுமுற்றும் பார்த்துவிட்டுத் தூளிக்குள் ஏறினாள். நான் போகவில்லை. எழுதுகிறவனுக்கு இந்த ஒரு சலுகைதான் இருக்கிறது.

"தள்ளிப் படுடி, எருமை."

"இதுக்கு மேல தள்ளுனா கீழதான் விழணும்."

"உன் முடிச்சை அவுத்துரு இமோரா. எல்லாரும் போகட்டும்."

"உன் முடிச்சை நீ அவுரேன்."

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. போய்ப் பார்த்தேன். கயிற்றுக்கு இரண்டு முனை அல்லவா? கறுப்பிலை மரத்தில் இருந்தது இமோராவின் முடிச்சு. செம்பட்டை மரத்தில் இருந்ததோ இடக்கையால் முறுக்கியது. பெலூ ஒருத்திதான் அப்படிக் கட்டுவாள். தூளி இமோராவுடையது என்பதால் மறுமுனையை யாருமே பார்க்கவில்லை.

ஆக, என் கவனக்குறைவு இல்லை. எனக்குத் தெரியாமல் இவர்கள் இரண்டு பேரும் பேசிவைத்துக்கொண்டு கட்டியிருக்கிறார்கள்! மனசுக்கு நிம்மதியாகவும் இருந்தது, ரோஷமாகவும் இருந்தது.

"ஊரே உன்னைத் திட்டுது. நானும் சேர்ந்து திட்டறேன். என் பேரைச் சொல்லியிருக்கலாம்ல?"

"சொன்னா உன் மாமியா உன்னைச் சும்மா விடுவாளா? எனக்குத் திட்டு என்ன புதுசா?"

"அடுத்த தடவை பாக்கறப்ப எனக்கு நரைச்சிருக்கும்டி."

"இப்பவே நரைச்சுத்தான் இருக்கு."

பெலூ சிரித்தாள். சிரிப்பு எங்கேயோ மாறி அழுகையாயிற்று. இமோரா அவள் மூக்கைத் தன் முந்தித்தோலால் துடைத்துவிட்டாள்.

"எவ்வளவு நாளைக்குடி இப்படி?"

"தெரியலக்கா. இன்னைக்கு இருப்போம்."

5

பொழுது சாய்வதற்குள் ஈரக்காற்று வந்துவிட்டது. மழை வாசனை பட்டதும் இரண்டு மரங்களும் பொறுமை இழந்து இழுக்க ஆரம்பித்தன. கயிறு விறைத்துக்கொண்டு மேலே எழும்ப, தூளிக்குள் அக்காவும் தங்கையும் ஒருவர்மேல் ஒருவர். ஆற்றிலிருந்து ஓடிவந்த கூட்டத்தில் யோர்மு மறுமுனையைப் பார்த்துவிட்டார்.

"அடக் கடவுளே, இது பெலூ போட்ட முடிச்சு!"

"என் மருமகளா?" என்று மாமியார்க்காரி இடுப்பில் கை வைத்தாள். "வாயைப் பாரு, என்ன பேச்சுப் பேசினா!"

இனி முடித்தாக வேண்டும். முடிவுகள் இல்லாமல் இல்லை. கயிறு தானாக அறுந்தது என்று எழுதலாம். கயிறே முடிவெடுப்பதென்றால் நான் எதற்கு? இரண்டு காடும் மனமிரங்கி ஒரே திசையில் நடந்தன என்று எழுதக் கை துறுதுறுக்கிறது. ஆனால் எந்த ஆறும் இரண்டு காட்டுக்குக் காணாது. அடுத்த கோடையில் எல்லோரும் செத்துப்போவார்கள். இருவரும் ஒரே நேரத்தில் அவிழ்த்தார்கள் என்றால் அழகாக இருக்கும். அழகாகத்தான் இருக்கும், நேராகக் குட்டோவின் தலையில் விழுவார்கள்.

அக்கா அவிழ்த்தாள் என்று எழுதிப் பார்த்தேன். அடித்தேன். தங்கை அவிழ்த்தாள் என்று எழுதினேன். அதையும் அடித்தேன். யார் அவிழ்த்தாலும், "நான்தான் அவளை அனுப்பினேன்" என்று அவள் மீசை அரும்பும் காலம் வரைக்கும் நினைத்துக்கொண்டிருப்பாள். [மீசை பிள்ளைக்கு. அவசரத்தில் வாக்கியம் குழம்பிவிட்டது, விடுங்கள்.] எந்த மகராசியின் தலையில் அதைக் கட்டுவது? என்னால் ஆகாது.

இலைகள் கொட்டுகின்றன. பிள்ளைகள் அழுகின்றன. மேலிருந்து பெலூவின் குரல்:

"யாருங்க அது, இவ்வளவு நேரமா படிச்சுக்கிட்டு இருக்கறது? இவகிட்ட நீங்களாவது சொல்லுங்க, அவுக்கச் சொல்லி!"

"எனக்கென்ன வந்துச்சு? அவளைச் சொல்லுங்க! பெரியவ அவதான்!"

கேட்டீர்களா, உங்களைத்தான். யாராவது ஒருத்தி பெயரைச் சொல்லிவிட்டால் போதும், காடுகள் கிளம்பிவிடும். தாராளமாகச் சொல்லுங்கள். தூளிக்குள் இரண்டு பேரும், நான்கு கைகளாலும், ஒருத்தி காதை ஒருத்தி பொத்திக்கொண்டிருக்கிறார்கள்.