அவளுக்கு முன்னால் போன கதை

சோறு ஆறிக்கொண்டிருந்தது. அரிப்புக் கிராமத்துக்குப் போகும் கடற்கரை வீதியில் இருந்த அந்தப் பெண்பிள்ளைகள் இல்லத்தில், இருபத்திரண்டு பிள்ளைகள் சாப்பாட்டுக் கோப்பைகளுக்கு முன்னால் கைகட்டி நின்றார்கள். சுவரில் கட்டியிருந்த பதாகையில், கனடாவில் இறந்துபோன ஒரு முதியவர் சிரித்துக்கொண்டிருந்தார். அவருடைய ஆண்டு நினைவுக்காக அவருடைய மக்கள் கொடுத்த மதியச் சாப்பாடு அது. வீடியோ எடுத்து முடியும்வரை யாரும் சோற்றில் கை வைக்கக் கூடாது.

"இந்தத் தாத்தாவும் எங்களைப் போலத்தான். சோத்தைப் பாத்துக்கொண்டே நிக்கிறார்," என்று ஏழு வயது டிலோஜினி கிசுகிசுத்தாள். பக்கத்தில் நின்றவர்கள் சிரிப்பை விழுங்கினார்கள்.

நிருஷா சிரிக்கவில்லை. அவளுடைய முறை வந்துகொண்டிருந்தது.

இல்லப் பொறுப்பாளர் செலீனா ஒவ்வொரு பிள்ளையாகத் தோளில் பிடித்து, படம் எடுக்கும் றொஷானின் கமராவுக்கு முன்னால் நிறுத்தினார். "இவ நிருஷா. பதினாலு வயசு. கட்டுக்கரைப் பக்கத்துப் பிள்ளை." பிறகு குரலைத் தாழ்த்தி, வீட்டில் அவளுக்கு நடந்ததைச் சொன்னார். குரல் தாழ்ந்ததே தவிர, மைக் வாயருகில்தான் இருந்தது.

என்ன நடந்தது என்று இங்கே எழுதப்படவில்லை. அவளைத் தவிர அதை எழுத வேறு யாருக்கும் உரிமை இல்லை.

செலீனா கெட்டவர் அல்ல. பிள்ளைகளுக்குப் பேன் பார்ப்பார். காய்ச்சல் என்றால் பக்கத்தில் கதிரை போட்டு இருப்பார். ஆனால், கேட்பவர்களின் கண் கலங்கினால்தான் இல்லத்து அடுப்பு எரியும் என்று பத்து வருடங்களாக நம்பிவிட்டார்.

வீடியோ வெளிவந்த மூன்றாம் நாள், பள்ளிக்கூடத்தில் ஒருத்தி தொலைபேசியை நீட்டினாள். "இது நீதானே?"

யாரும் பகிடி பண்ணவில்லை. எல்லோரும் நல்லவர்களாகிவிட்டார்கள். ஒருத்தி தன் பணிஸில் பாதியைக் கொடுத்தாள். இன்னொருத்தி கையைப் பிடித்துக்கொண்டு விடவே இல்லை. கணக்குப் பாடத்தில் பிழை விட்டபோது, மற்றப் பிள்ளைகளை ஏசும் ஆசிரியை இவளை மட்டும் ஏசவில்லை. அது நிருஷாவுக்கு அடியைவிட வலித்தது.

பல்வலிக்கு முருங்கன் ஆஸ்பத்திரிக்குப் போனாள். வாங்கில் பக்கத்தில் உட்கார்ந்திருந்த ஒரு அம்மா உற்றுப் பார்த்தார். "நீதானே மகள் அந்தப் பிள்ளை? ஐயோ ஆண்டவரே!" அவளுக்கு அந்த அம்மாவின் பெயர்கூடத் தெரியாது. அவளைப் பற்றி அந்த அம்மாவுக்கு எல்லாம் தெரிந்திருந்தது. எங்கே போனாலும், அவளுக்கு முன்பே அவளுடைய கதை போய் அங்கே குந்தியிருந்தது. கிணற்றடியில் முகம் கழுவக் குனிந்தால், தண்ணீருக்குள்ளிருந்து ஒரு குரல் தொடங்கும்: "இவ நிருஷா. பதினாலு வயசு." அவள் வாளியைப் போட்டு அந்த முகத்தைக் கலைப்பாள். தண்ணீர் அடங்கியதும் குரல் விட்ட இடத்திலிருந்து தொடரும்.

அடுத்த நினைவுச் சாப்பாட்டுக்கு முதல்நாள் அவள் செலீனாவிடம் போனாள்.

"அன்ரி, இந்த முறை என்ர கதையைச் சொல்லாதேங்கோ."

"சொன்னாத்தானே பிள்ளை ஆக்கள் இரங்குவினம்? நீ ஒரு பிழையும் செய்யேல்லை. பிறகேன் வெக்கப்படுறாய்?"

"வெக்கமில்லை அன்ரி..."

மறுநாள் வேறொரு பதாகை, இறந்துபோன வேறொரு தாத்தாவின் முகம். செலீனா குசினியில் நின்றார். றொஷான் மைக்கை நிருஷாவிடம் நீட்டினான். "தங்கச்சி, அன்ரி வரமட்டும் ஏதாவது கதைச்சுக்கொண்டிரும். சத்தம் சரியோ எண்டு பாப்பம்."

நிருஷா மைக்கை வாங்கினாள்.

"இவ செலீனா. ஐம்பத்தொரு வயசு. பேசாலைப் பக்கம். இவவுக்கு ஒரு மகள் இருந்தவ. அந்தப் பிள்ளையின்ர சட்டை ஒண்டு இண்டைக்கும் இவவின்ர அலுமாரிக்குள்ள..."

கறிச்சட்டியோடு வாசலில் வந்த செலீனா அப்படியே நின்றுவிட்டார். றொஷான் கமராவைத் தாழ்த்தினான்.

நிருஷா அவரைப் பார்த்தாள். பெரிய காய்ச்சலில் அவள் கிடந்தபோது, நெற்றியில் ஈரத்துணி போட்டபடி அழுது அழுது அவர் சொன்ன கதை அது.

"மிச்சமும் எனக்குத் தெரியும் அன்ரி. ஆனா சொல்லமாட்டன். அது உங்கட கதை."

மைக்கை மேசையில் வைத்துவிட்டுத் தன் இடத்தில் போய்க் கைகட்டி நின்றாள். செலீனா கறிச்சட்டியைக் கீழே வைத்தார். வைத்த பிறகும் அவருடைய கைகள் எதையோ ஏந்தியபடியே இருந்தன.

"அதை அழி தம்பி. போன முறை எடுத்ததையும் அழி."

"என்ரயை அழிக்கலாம் அன்ரி. எடுத்து வச்சிருக்கிற ஆக்களிட்ட என்னெண்டு போய் அழிக்கிறது?" றொஷான் தலையைச் சொறிந்தான். "சாப்பாடு தந்த ஆக்கள் இண்டைக்கும் பிள்ளையளின்ர முகம் வேணுமெண்டு கேட்டிருக்கினம்."

"சோத்துப் பானையை எடு. பதாகையை எடு. வேணுமெண்டா என்ர முகத்தை எடு. பிள்ளையளின்ர முகம் இல்லை."

"அவை இனிச் சாப்பாடு தராட்டி?"

"கஞ்சி காய்ச்சுவம்." செலீனா பிள்ளைகளின் பக்கம் திரும்பினார். "ஆறமுதல் சாப்பிடுங்கோ."

"தாத்தா கோவிக்கமாட்டாரோ அன்ரி?" என்று கேட்டபடியே டிலோஜினி முதல் கவளத்தை வாயில் போட்டாள்.

அந்தக் குடும்பம் பிறகு சாப்பாடு தரவில்லை. இரண்டு தடவை உண்மையாகவே கஞ்சிதான். பஸ்ஸில் இன்றும் யாராவது திரும்பி நிருஷாவைப் பார்க்கிறார்கள். போன கதை திரும்பி வரவில்லை. இனி வரவும் வராது.

சில வாரங்களின் பின் இல்லத்துக்குப் புதிதாக ஒரு சின்னப் பிள்ளை வந்தாள். அரிசி கொண்டுவந்த ஒரு பெண்மணி அவளுடைய கன்னத்தைத் தடவி, "பாவம், இவவுக்கு என்ன நடந்தது?" என்று கேட்டார்.

நிருஷா மூச்சைப் பிடித்துக்கொண்டாள்.

"அதைக் கேக்காதேங்கோ அம்மா," என்றார் செலீனா. "உடுப்பில்லாத பிள்ளைக்கு உடுப்புக் குடுக்கிறம். ஆனா அதுகளின்ர கதையை உரிச்சு ஊருக்குக் காட்டுறம். நானும் காட்டினனான். சோறு போட்டதுக்காக ஒரு பிள்ளையின்ர கதை எங்கட சொத்தாகாது. அது அந்தப் பிள்ளையின்ர. சொல்லுறதும் சொல்லாம விடுறதும் அவவின்ர விருப்பம்."

நிருஷா மெல்ல மூச்சை விட்டாள். நிருஷா என்பது அவளுடைய உண்மையான பெயர் அல்ல.