பாதிக் கொடி

குடை போல் விரிந்து சுழலும் துணிக்கொடியில் கிழக்குப் பாதி அவளுக்கு, மேற்குப் பாதி எனக்கு, கடல் கடந்த தமிழர் வரலாற்றில் எங்களைப் போல் சுத்தமாகப் பிரிந்த தம்பதி இதுவரை இல்லை, இனியும் வரப்போவதில்லை என்று எனக்கே சொல்லிக்கொண்டு சமையலறை ஜன்னலில் நிற்கிறேன், மெல்பர்னில் காற்றடித்தால் கொடி அரைச்சுற்றுச் சுற்றும், அவளுடைய நர்ஸ் சீருடை மேற்கே வந்து என் பனியனை உரசும், அதற்கு நான் பொறுப்பல்ல, விவாகரத்து வேண்டுமென்றால் ஒரே கூரையின் கீழ் பன்னிரண்டு மாதம் தனித்தனியே வாழ்ந்தோம் என்று சத்தியம் செய்ய வேண்டும், ஒருவருக்கொருவர் சமைக்கக் கூடாது, துணிமணி பார்க்கக் கூடாது என்று வெள்ளைக்கார வக்கீலம்மா விரல் மடக்கியபோது பூர்ணிமா என் பக்கம் திரும்பி, அஞ்சு வருஷமா நீ அதைத்தானேடா பண்ணிட்டிருந்த என்றாள், புரியாமலே வக்கீலம்மாவும் சிரித்தார், அன்றிலிருந்து பெருங்காய டப்பாகூட வீட்டில் இரண்டு, அடுத்த தெரு தினகரும் இப்படித்தான் பிரிந்துகொண்டிருந்தான், ஒன்பதாம் மாதம் நான் போய்ப் பார்த்தால் மனைவி ரேகாவின் சட்டைக்கு இஸ்திரி போடுகிறான், ஏன்டா, டைவர்ஸ் வாங்கறியா, லாண்டரி நடத்தறியா என்றேன், அவளுக்கு இன்டர்வியூ மச்சி, விடு, அந்த இஸ்திரியாலேயே அவன் வக்கீல் மாதங்களை மறுபடி ஒன்றிலிருந்து எண்ணச் சொல்லிவிட்டார், அதைப் பொங்கல் விழாவில் நடித்தே காட்டினேன், பூர்ணிமா மட்டும் சிரிக்கவில்லை, பெர்த்தில் அவளுக்கு வேலை காத்திருக்கிறது, இன்னொரு வருஷம் என்னால முடியாதுடா என்று ஒரே ஒரு முறை சொன்னாள், எங்கள் பன்னிரண்டு மாதம் முடிந்து வியாழக்கிழமை சத்தியக் கையெழுத்து.

மழை வந்துவிட்டது, நைட் டூட்டி முடித்து அவள் கதவைச் சாத்தித் தூங்குகிறாள், நாலு மணிக்கு மறுபடி ஷிஃப்ட், துவைத்த சீருடை அது ஒன்றுதான், கதவைத் தட்டலாம், தட்டுவதற்குத் தடையில்லை என்று யோசிக்கும்போதே கால் ஈரப்புல்லில் இருக்கிறது, கொடியைச் சுற்றுகிறேன், சீருடையை உருவிக்கொண்டு ஓடிவருகிறேன், என் பனியன்கள் அங்கேயே நனைகின்றன, காலரில் ஈரம், இஸ்திரிப் பெட்டி சூடேறிவிட்டது, வைத்ததும் ஆவி, பின்னால் கதவு திறக்கிறது, தூக்கம் கலையாத குரல், என்னடா பண்ற, வியாழக்கிழமை கேப்பாங்களே, என்ன சொல்லுவ, நான் நிமிரவில்லை, ஒண்ணுமே பண்ணலன்னுதான் சொல்லுவேன், நீ கெளம்பு என்றபடி சீருடையின் இன்னொரு கையைத் திருப்பிப் போட்டு நீவுகிறேன்.