நின்றுபோன வலி

விடியலிலிருந்து நன்றாகப் பிடித்துவந்த பிரசவ வலி, வெயில் ஏறியதும் குறைந்து, பிறகு வரவே இல்லை. மதியம் வரை பார்க்கலாம், மருந்து ஏற்றியும் வலி வராவிட்டால் ஆபரேஷன்தான் என்று டாக்டர் சொல்லிப் போனார்.

பெமிலா கட்டில் கம்பியைப் பிடித்தபடி நின்றாள். உயிர்வேதியியல் படித்தவள். பயந்தால் அட்ரினலின் கூடும். அது ஆக்சிடோசின் சுரப்பதைத் தடுக்கும். ஆக்சிடோசின் இல்லாமல் கர்ப்பப்பை இறுகாது. பயப்படாதே என்று தனக்கே சொன்னாள். சொல்லும்போதே நெஞ்சு அடித்துக்கொண்டது.

வெளியே வராந்தாவில் சபைப் பெண்கள் ஜெபித்துக்கொண்டிருந்தார்கள். சபையின் பெண்கள் சங்கத்தில் யார் வீட்டுப் பிரசவம் என்றாலும் வந்துவிடுவார்கள். அம்மா நேசபாய்தான் காலையில் எல்லோரையும் போனில் அழைத்திருந்தாள். இந்தப் பிள்ளையை ஆபத்திலிருந்து மீட்டருளும் என்று ஒரு குரல் எழும். மற்றவர்கள் அழுகையோடு சேர்ந்துகொள்வார்கள். ஆபத்து என்று கேட்கும்போதெல்லாம் பெமிலாவின் விரல்கள் சில்லிட்டன.

"வெளிய ஜெபக் கன்வென்ஷன் நடக்கு, மைக்செட்டுதான் இல்ல," என்றாள் நர்ஸ் லிஜா. சத்தத்தைக் குறைக்கத் தான் போய்ச் சொன்னால் ஜெபத்தைத் தடுத்த பழி வரும் என்றும் சொன்னாள்.

வீட்டுக்கு யாராவது வந்தாலே அடுக்களைக்குள் போய்விடுகிறவள் பெமிலா. ஆனாலும் முகம் துடைக்க வந்த அம்மாவின் கையைப் பிடித்தாள்.

"அம்மா, அவிய சத்தம் கேக்கக் கேக்க எனக்குப் பேடியா இருக்கு. பேடிச்சா வலி வராது."

நேசபாயின் முகம் வாடியது. "உனக்க நன்மைக்குத்தானே மக்கா வந்திருக்காவ? நான் என்னாண்ணு சொல்லுவேன்?"

"சர்ச்சுல இருந்து ஜெபிக்கச் சொல்லு. பெமிலாதான் போகச் சொன்னாண்ணு சொல்லு."

அம்மா போனாள். ஜெபம் பாதியில் நின்றது. படித்த கொழுப்பு என்று யாரோ முணுமுணுத்தது கேட்டது. செருப்புச் சத்தங்கள் படியிறங்கின.

லிஜா ஜன்னல் திரையை இழுத்துவிட்டாள். பெமிலா காத்திருந்தாள். ஒன்றும் வரவில்லை. காரணம் இதுவல்ல என்றால்? அவர்கள் மனதை நோகவைத்து அனுப்பியதுதான் மிச்சமா? அம்மா திரும்பி வந்து அவள் இடுப்பைத் தேய்த்தாள். தேய்க்கும் கைக்கேற்ப மூச்சு மெல்லச் சீரானது.

முதலில் இடுப்பின் அடியில் ஒரு கனம். பிறகு வயிறு முழுவதும் கல்லாக இறுகியது. பெமிலா கம்பியில் நெற்றியை முட்டிக்கொண்டாள்.

"வருதா மக்கா?"

விட்டுவிடாதே, விட்டுவிடாதே என்று வலியிடம் கெஞ்சினாள். அது விட்டது. அடுத்தது அதைவிடப் பலமாக வந்தது. லிஜா டாக்டரைக் கூப்பிடப் போனாள்.