முனை பார்த்தல்

காலையிலிருந்து இரண்டு எஃகு உருளைகளைக் கெடுத்தாயிற்று. இரண்டிலும் துளையின் வாய் புனல் போல அகன்றுவிட்டது. உருல்கான் லேத்தை நிறுத்திவிட்டுக் கையை நீட்டிப் பார்த்தாள். நடுங்குகிறதா இல்லையா என்று அவளுக்கே சொல்லத் தெரியவில்லை. கராகோல் நகரின் இந்தப் பம்புப் பட்டறையில் முப்பது வருடம் உழைத்து ஓய்ந்த கை.

"இன்னும் ஒரே உருளைதான்க்கா இருக்கு," என்றான் ஃபோர்மேன் ஜோல்தோஷ். "இதுவும் போச்சுன்னா திங்கக்கிழமையிலேர்ந்து நீங்க ஸ்டோருக்குப் போயிருங்க. மேல நான் பதில் சொல்லணும்ல."

"கெழவி ஆயிட்டேன்னு சொல்லிட்டுப் போயேன். எதுக்குச் சுத்தி வளைக்கிறே?"

அவன் போன பிறகு, உருளையைப் பிடித்துச் சுழற்றும் சக்கில் ஒரு கூர்முனையும், எதிரே டிரில்லைத் தாங்கும் டெயில்ஸ்டாக்கில் ஒரு கூர்முனையும் மாட்டி, இரண்டையும் கிட்டே கொண்டுவந்தாள். மூக்கோடு மூக்கு முட்ட வேண்டியவை ஒன்றையொன்று தாண்டிப் போயின. டெயில்ஸ்டாக் ஒரு மில்லிமீட்டர் விலகியிருந்தது.

அப்படியானால் கையில் கோளாறு இல்லை. அவளுக்கு அழுகையே வந்துவிட்டது.

மாலை ஷிப்டுக்கு இதே லேத்தை ஓட்டும் சாகின்பெக் அப்போதுதான் உள்ளே வந்தான்.

"நேத்து இதுல கூம்பு கடைஞ்சியா?"

"ஆமாக்கா, டெயில்ஸ்டாக்கக் கொஞ்சம் தள்ளி வச்சு..." அவன் முகம் செத்துப்போயிற்று. "ஐயோ, திருப்பி வைக்கலையா நான்? ஃபோர்மேன்கிட்ட நானே சொல்லிடறேன்க்கா."

"என்னன்னு சொல்வே? முனை பாக்காம டிரில்ல ஓட்டினது நான்தானே. போ, போய் டீயக் குடி."

துளை போடுமுன் இப்படி முனைகளை முட்டவைத்து 'முனை பார்ப்பது' இந்தப் பட்டறையில் அவள் கொண்டுவந்த வழக்கம். மறந்தவர்களை வாய்க்கு வந்தபடி ஏசியவளும் அவள்தான். இன்று காலை அவள் மறக்கவில்லை. ஞாபகம் வந்தது, அலுப்பாக இருந்தது, விட்டுவிட்டாள். கை நடுங்கினால் வைத்தியரிடம் போகலாம். இதற்கு யாரிடம் போவது?

டெயில்ஸ்டாக்கின் திருகாணிகளைத் தளர்த்தி, மயிரிழை மயிரிழையாக நகர்த்தி, முனைகளை முட்டவைத்தாள். கடைசி உருளையை மாட்டினாள். முதலில் சிறு குழி, பிறகு பெரிய டிரில். கொஞ்சம் இறக்கி, வெளியே இழுத்து, தூளைத் தட்டி, மறுபடி இறக்கினாள். ஜோல்தோஷ் எப்போது வந்து பின்னால் நின்றான் என்று தெரியவில்லை.

லேத் நின்றதும் அவனே வெர்னியர் அளவுகோலை எடுத்துத் துளையை அளக்கக் குனிந்தான். உதடுகள் அளவை முணுமுணுத்தன. அளவு சரி என்றால் காலையில் கெடுத்தது கையில்லை, அவளுடைய அலுப்பு; தப்பு என்றால் கைதான். அவன் எதைச் சொன்னால் தனக்கு நிம்மதி என்று உருல்கானுக்குத் தெரியவில்லை. டிரில் சீவித் தள்ளிய, சூடு ஆறாத இரும்புச் சுருள் ஒன்று அவள் பூட்ஸின் மேல் கிடந்து புகைந்துகொண்டிருந்தது. அவள் காலை நகர்த்தவில்லை.