பாலத்தின் மேல் ஞானசேகர்

ஞானசேகர் எண்ணூர்ப் பாலத்தின் மேல் குடை பிடித்து நிற்கத் தொடங்கி ஒரு மழைக்காலம் ஆகிவிட்டது. பாலம் அவருடைய மனைவி கயற்கண்ணியின் படத்தில் இருந்தது. படம் ஹாலில் காய்ந்துகொண்டிருந்தது.

கயற்கண்ணி பழைய ஜப்பானிய முறையில் மரப்பலகையைச் செதுக்கி, மை தடவி, காகிதத்தில் அச்செடுப்பவள். ஜப்பானியர்கள் மலை வைத்த இடத்தில் இவள் அனல்மின் நிலையத்தின் புகைபோக்கியை வைப்பாள். படகுக்குப் பதில் தண்ணீர் லாரி. இந்தப் படத்துக்குப் பாலத்தில் நிற்க ஓர் ஆள் வேண்டியிருந்தது. பாங்குக்குக் கிளம்பிய கணவரை நிற்கச் சொன்னாள். அச்செடுத்துக் காகிதத்தை உரித்தபோது அவரும் அதோடு ஒட்டிக்கொண்டு வந்துவிட்டார்.

பாங்கிலிருந்து போன் வந்தது.

"சார் எங்கம்மா?"

"படத்துல இருக்காரு."

"எப்ப வருவாரு?"

"இன்னும் காயலைங்க."

"சரி. காஞ்சா மடிக்காம அனுப்புங்க."

படத்தில் மழை சாய்வாகப் பெய்தது. அதனால் வாளியைச் சுவரோரம் வைத்துப் பயனில்லை, சோபா மேல் வைக்க வேண்டியிருந்தது. வாளி நிறையும். அவள் கொட்டுவாள். மறுபடி வைப்பாள். கனவில்கூட வாளி தூக்கினாள்.

கேலரி நடத்தும் ஊர்மிளா வந்து, செருப்பைக் கழற்றாமல் தண்ணீரில் நின்று பார்த்தாள்.

"பிரமாதம் கயல். வித்தாச்சு. நாளைக்கு வண்டி வரும்."

"அதுல நிக்கறது என் வீட்டுக்காரர் மேடம்."

"தெரியுதே. நல்லா வந்திருக்கார்."

"அவரை எப்படிக் குடுக்கறது?"

"ஏசி ரூம்லதான் மாட்டப் போறாங்க. அவருக்கென்ன குறை?"

"மழையை மட்டும் எடுத்துடட்டுமா?"

"மழைதான் படமே. அதை எடுத்தா யாருக்கும் வேண்டாம். எனக்கும் வேண்டாம்."

ஊர்மிளா போனதும் பாலத்திலிருந்து குரல் வந்தது.

"கண்ணி, கை கடுக்குது."

"குடையை மடிச்சுட்டு இறங்கி வாங்களேன்."

"மழை பெய்யுதே."

அவள் மரப்பலகையை மடியில் வைத்துக்கொண்டாள். மழை என்பது செதுக்காமல் விட்ட மெல்லிய வரப்புகள். ஒவ்வொன்றையும் மயிரிழையாக விட்டுவைக்க ஒரு வருஷம் ஆகியிருந்தது. உளியை எடுத்துச் சீவினாள். பலகையில் ஒரு கோடு போனதும் காகிதத்தில் ஒரு கோடு மழை நின்றது. அழவில்லை. அழுதால் அதற்கும் ஒரு வாளி வேண்டும்.

கடைசிக் கோடும் போனதும் ஹாலில் சத்தம் அடங்கியது. ஞானசேகர் குடையை மடித்தார். காகிதத்தின் விளிம்பைத் தாண்டி, ஈரக் காலோடு தரையில் இறங்கினார்.

குடை மறைத்திருந்ததால் அவருக்கு முகம் செதுக்கவில்லை என்பது அப்போதுதான் அவளுக்கு ஞாபகம் வந்தது. சட்டைக் காலருக்கு மேலே வெறும் காகிதம்.

"என்ன அப்படிப் பாக்கறே?"

"ஒண்ணுமில்லைங்க. இளைச்சிருக்கீங்க."

துண்டை நீட்டினாள். எங்கே துடைப்பது என்று தெரியாமல் அவர் அதைக் கையிலேயே வைத்திருந்தார். அவளே வாங்கி, கண்கள் இருந்திருக்கும் என்று தோன்றிய இடத்தில் மெதுவாக ஒத்தினாள். மூக்கோரம் ஒரு மச்சம் உண்டு. இடப்பக்கமா வலப்பக்கமா என்று யோசித்தாள். இரண்டு பக்கமும் துடைத்தாள்.