பதினாலாவது கேபிள்

அலுவலகத்தில் அவரை ரீஸ்டார்ட் அண்ணன் என்றுதான் கூப்பிடுவார்கள். யார் எந்தக் கோளாறைச் சொல்லி போன் செய்தாலும் அவர் வாயில் முதலில் வருவது, "ஒரு தடவை அணைச்சிட்டுப் போடுங்க" என்பதுதான். இருபத்தாறு வருஷமாகக் கம்ப்யூட்டர் நெட்வொர்க் வேலை. முன்பெல்லாம் ஏணியும் கையுமாக ஊரைச் சுற்றியவர். இப்போது முக்கால்வாசிப் பழுதை வீட்டிலிருந்தே லேப்டாப்பில் பார்த்துவிடலாம் என்று ஆகிவிட்டது.

மகளின் பிரசவத்துக்கென்று மூன்று மாதத்துக்குக் கிளம்பிப் போன மனைவி, பேரன் எழுந்து நடக்க ஆரம்பித்த பிறகும் திரும்பி வந்தபாடில்லை. சண்டை சச்சரவு ஒன்றும் இல்லை. அங்கே ஆள் தேவைப்பட்டது, அவ்வளவுதான். "சாப்பிட்டீங்களா?" "ஆச்சு." தினமும் பேச்சு அங்கே தொடங்கி அங்கேயே முடியும். சில நாட்களில், காலையிலிருந்து தன் குரலைத் தானே கேட்கவில்லை என்பது மாலையில்தான் அவருக்கு உறைக்கும்.

அந்த ஞாயிறு காலை ஒன்பது மணிக்கு ஒரு முதியோர் இல்லத்திலிருந்து அழைப்பு வந்தது. தன் செல்போனிலிருந்து பேசியது இல்லத்தின் மேலாளர் அம்மா.

"சார், சுவிட்ச் போயிடுச்சு. எலெக்ட்ரீஷியனைக் கூப்பிட்டேன். அவர் வந்து பார்த்துட்டு, இது என் சுவிட்ச் இல்லைன்னு கையை விரிச்சிட்டுப் போயிட்டார்."

"நெட்வொர்க் சுவிட்சா? எல்லா கேபிளும் வந்து சேருமே, அந்தப் பெட்டிதானே? ஒரு தடவை அணைச்சிட்டு..."

"அதைத்தான் சார் ராத்திரியிலிருந்து அதுவே பண்ணிக்கிட்டிருக்கு! தானா அணையுது, தானா வருது, திரும்ப அணையுது. ஒரு போன் கூட வேலை செய்யலை."

அண்ணன் வாய்விட்டுச் சிரித்தார். சிரித்து எத்தனை நாளாயிற்று என்று யோசித்துக்கொண்டே பையை எடுத்தார். ஒரு நிமிஷம் கூட நிலைத்து நிற்காத பெட்டியை வீட்டிலிருந்து பார்க்க முடியாது. நேரில் போய்த்தான் ஆகவேண்டும்.

பெட்டி மாடிப்படிக்குக் கீழே ஓர் அலமாரியில் இருந்தது. இருபத்து நான்கு துளைகள், ஒவ்வொன்றிலும் ஒரு கேபிள். இல்லத்தின் அறை போன்களுக்குப் பேச்சும் மின்சாரமும் அந்தக் கேபிள் வழியாகவே போகின்றன. விசிறி உறுமியது, விளக்குகள் பச்சையாக வரிசைகட்டி எரிந்தன, ஒரு நிமிஷம் தள்ளாடின, பொட்டென்று அணைந்தன. மறுபடி உறுமல். அண்ணன் தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்து லேப்டாப்பை அதில் செருகினார். பெட்டி விழிப்பதும், தன்னைத் தானே சோதித்துக்கொள்வதும் எழுத்து எழுத்தாகத் திரையில் ஓடின. போன்களுக்கு மின்சாரம் கொடுக்கத் தொடங்கும் இடம் வந்ததும் திரை உறைந்தது.

"சரி, உன் மேல தப்பில்லை" என்று பெட்டியிடம் சொன்னார். இருபத்து நான்கு கேபிளையும் உருவினார். பெட்டி நிமிர்ந்து நின்றது. இரண்டு நிமிஷம், ஐந்து நிமிஷம், அசையவில்லை. பிறகு ஒவ்வொன்றாகச் செருகிக்கொண்டே வந்தார். பதினாலாவதைச் செருகியதும் படுத்துவிட்டது. அந்தக் கேபிளைக் கையால் தொட்டுக்கொண்டே சுவரோரமாக நடந்தார். தாழ்வாரம் தாண்டி, சாப்பாட்டுக்கூடம் தாண்டி, அது போய்ச் சேர்ந்தது சமையலறைச் சுவரில் மாட்டியிருந்த போனில். கழற்றித் திருப்பினார். உள்ளிருந்து தண்ணீர் சொட்டியது.

"நேத்து சாயங்காலம் சுவரைக் கழுவினோம்" என்றார் சமையல்கார அம்மா.

மணி பத்தேகால். ஈரம் புகுந்த ஒரு போன் மொத்த மின்சாரத்தையும் இழுத்துப் பெட்டியைச் சாய்த்துக்கொண்டிருந்தது. அதை விட்டுவிட்டு மீதியைச் செருகினால் வேலை முடிந்தது. பத்து நிமிஷம் கூட ஆகாது. அதைச் சொல்லத்தான் அவர் வாயைத் திறந்தார்.

"எப்படியும் மதியம் ஆயிடும்ல?" என்று அந்த அம்மா முந்திக்கொண்டார். "உங்களுக்கும் சேர்த்து உலை வெச்சிடறேன். எல்லாரோடவும் உக்காந்து சாப்பிட்டுட்டுப் போங்க."

"ஆமா" என்றார் அண்ணன். "மதியம் ஆயிடும்."

பொய் அவ்வளவு சுலபமாக வந்தது. திரும்பி வந்தபோது அலமாரிக்கு எதிரே மூன்று நாற்காலிகள் போட்டு மூன்று பேர் உட்கார்ந்திருந்தார்கள். அதில் ஓய்வுபெற்ற பஸ் கண்டக்டர் ஒருவர், "என்ன சார், பொண்ணுக்குத் தலை சீவி விடற மாதிரி இருக்கே?" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். அண்ணனும் செருகியிருந்தவற்றையும் உருவிவிட்டு, ஒவ்வொரு கேபிளாக எடுத்து, துடைத்து, எண் எழுதி ஒட்டினார். யாரும் கேட்காமலே சுவிட்ச் எப்படி வேலை செய்கிறது என்று விளக்கினார். கேட்பதற்கு ஆள் இருந்தால் பேச்சு எத்தனை நீளமாக வருகிறது என்று அவருக்கே ஆச்சரியம். நடுவில் பெட்டியை வேண்டுமென்றே ஒருமுறை அணைத்தும் காட்டினார்.

இதற்கிடையில், ஒல்லியான பெரியவர் ஒருவர் இரண்டு தடவை தாழ்வாரத்துக்கு வந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போனார். ஒன்றும் கேட்கவில்லை.

பன்னிரண்டரைக்குச் சாப்பாடு. அண்ணனுக்கு இருபுறமும் ஆட்கள். "இன்னும் கொஞ்சம் போட்டுக்கங்க" என்று ஒருவர், "ஏன் இப்படிக் கொறிக்கிறீங்க?" என்று இன்னொருவர். இரண்டாம் முறை வாங்கிச் சாப்பிட்டார். அப்போதுதான் அந்த ஒல்லிப் பெரியவர் தட்டைத் தொடாமல் எழுந்து அவர் பக்கத்தில் வந்து நின்றார். தையல்காரராக இருந்தவர், ஏழாம் அறை, காது மந்தம் என்று யாரோ சொன்னார்கள்.

"தம்பி, போன் எப்ப வரும்?"

"வந்துடும் ஐயா. ஏதாவது அவசரமா?" என்றார் அண்ணன், குரலை உயர்த்தி.

"என் தங்கச்சி வெளிநாட்டுல இருக்கா. ஞாயித்துக்கிழமை பதினோரு மணிக்குக் கூப்பிடுவா. இன்னிக்கு நம்ம நேரத்துக்குப் பன்னிரண்டு மணிக்கு அவளுக்கு இதய ஆபரேஷன். உள்ள போறதுக்கு முன்னாடி பேசறேன்னு சொல்லியிருந்தா."

"செல்போன்ல கூப்பிட்டிருக்கலாமே" என்றார் மேலாளர் அம்மா பதறிப்போய், அவர் காதருகே குனிந்து சத்தமாக.

"அதுல எனக்கு ஒண்ணும் கேக்காதும்மா. என் ரூம்ல இருக்கற பெரிய போன்லதான் கேக்கும். அவ நம்பரும் எனக்குத் தெரியாது. எப்பவும் அவதான் கூப்பிடுவா."

அண்ணன் தட்டை அப்படியே விட்டு எழுந்தார். கையைக் கூடக் கழுவாமல் ஓடினார். ஏழு நிமிஷத்தில் இருபத்து மூன்று கேபிளும் ஏறின. இல்லம் முழுக்கப் போன்களில் விளக்கு வந்தது. மணி பன்னிரண்டு ஐம்பது. கண்டக்டர் கைதட்டினார்.

தையல்காரர் தன் அறையில் கட்டில் நுனியில், போனைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார். ஒன்றேகாலுக்கு அது அடித்தது. தங்கை மகன். காது கேட்காதவருக்கான போன் என்பதால் அவன் பேசியது வாசலில் நின்ற அண்ணனுக்கும் கேட்டது. "மாமா, ஏன் எடுக்கலை? அம்மா ஆறு தடவை போட்டாங்க. கடைசி வரைக்கும் கையில போனை வெச்சிட்டே இருந்தாங்க. நர்ஸ்தான் வாங்கிட்டு உள்ள கூட்டிட்டுப் போனாங்க."

ரிசீவரை வைத்த பிறகும் அவர் கை அதன் மேலேயே இருந்தது. அண்ணன் அப்படியே நழுவிப் போயிருக்கலாம். யாருக்கும் தெரியாது. ஆனால் அருகில் போய், அவர் காதோடு சொன்னார்.

"ஐயா, பத்தரைக்கே சரி பண்ணியிருக்கலாம். நான்தான் பண்ணலை."

"ஏன்?"

"சாப்பாட்டுக்கு இருக்கணும்னு. வீட்ல யாரும் இல்லை."

தையல்காரர் அவர் பக்கம் திரும்பினார். "பசின்னு கேட்டிருந்தா போட்டிருப்பாங்களே. துணைக்கு இருக்கேன்னு சொல்லியிருந்தாலும் உக்கார வெச்சிருப்பாங்க. அதுக்கு எதுக்குப் பொய்?" பிறகு முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டார். "போயிடு. இன்னிக்கு உன்கிட்ட என்னால பேச முடியாது."

மாலை ஐந்து மணிக்கு மேலாளர் அம்மா அண்ணனுக்குப் போன் செய்தார். ஆபரேஷன் நல்லபடியாக முடிந்ததாம். அந்தச் செய்தியைச் சொல்ல வீட்டில் யாரும் இல்லை. சொன்னாலும் எதிலிருந்து தொடங்குவது என்று தெரியவில்லை.

அந்த வெள்ளிக்கிழமை புதுப் போன் ஒன்றை எடுத்துக்கொண்டு இல்லத்துக்குப் போனார். சமையலறையில் மாட்டி, பதினாலாவது கேபிளைச் செருகி, பெட்டி நிற்கிறதா என்று பார்த்தார். நின்றது. இருபது நிமிஷம். "முடிஞ்சிடுச்சும்மா" என்று சொல்லிவிட்டுக் கிளம்பினார். ஏழாம் அறையைத் தாண்டும்போது உள்ளிருந்து குரல் வந்தது.

"தம்பி, வா."

அண்ணன் போய் நின்றார்.

"நேத்து அவ பேசினா. அன்னிக்கு என்னம்மா சொல்ல வந்தேன்னு கேட்டேன். ஒண்ணுமில்லைண்ணே, மறந்துட்டேன்கிறா." தையல்காரர் தன் உள்ளங்கைகளைப் பார்த்துக்கொண்டார். "மறக்கலை. பயத்துல இருந்தப்ப சொல்ல வந்தது அது. இப்ப பயம் போயிடுச்சு. இனிமே சொல்ல மாட்டா."

அண்ணன் மன்னிப்புக் கேட்க வார்த்தை தேடினார். எதைச் சொன்னாலும் அது தனக்காகச் சொல்வதாகவே இருக்கும் என்று பட்டது. ஜன்னலுக்கு வெளியே யாரோ வாளியில் தண்ணீர் பிடிக்கும் சத்தம் கேட்டது. பிறகு குழாயை மூடும் சத்தம்.

"சட்டையில ரெண்டாவது பொத்தான் தொங்குது" என்றார் தையல்காரர். கழற்றப் போனவரைக் கையமர்த்தினார். "வேணாம், அப்படியே நில்லு."

மேஜை இழுப்பறையிலிருந்து ஊசியை எடுத்து, முதல் முயற்சியிலேயே நூல் கோத்து, அவர் நெஞ்சருகே குனிந்து நான்கு தையல் போட்டார். நூலைப் பல்லால் கடித்து அறுத்தார்.